சாம்பிள் தாளைப் பார்த்தவர்கள்

புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தால் இப்போதெல்லாம் பணம் வங்கிக் கணக்கை விட்டு நகர்வதில்லை. வங்கி அந்தத் தொகையை முடக்கி வைக்கிறது. பங்கு கிடைத்தால் எடுத்துக்கொடுக்கிறது, கிடைக்காவிட்டால் விடுவித்துவிடுகிறது. 1990களின் நடுவில் நடைமுறை வேறு. விண்ணப்பத் தாளோடு செக்கை இணைத்து வங்கியில் கொடுக்க வேண்டும். பணம் அப்போதே போய்விடும். பங்கு ஒதுக்கீடு ஆகாதவர்களுக்கு ‘ரீஃபண்ட் ஆர்டர்’ என்கிற காசோலை சில வாரம் கழித்துத் தபாலில் வரும். நல்ல பெயருள்ள வெளியீடு என்றால் விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் குவியும். ரீஃபண்ட் ஆர்டரும் லட்சக்கணக்கில் அடித்தாக வேண்டும். குறித்த கெடுவுக்குள் பணம் திரும்பாவிட்டால் நிறுவனம் வட்டி கொடுக்க வேண்டும். அதனால் வெளியீடு முடிந்த சில வாரங்களுக்கு, விண்ணப்பங்களைக் கையாளும் பதிவாளர் அலுவலகங்களின் அச்சுக்கூடங்களில் இரவு, பகல் என்ற கணக்கே இருக்காது.

சென்னையில் அப்படி ஓர் அச்சுக்கூடத்தில் நான் லேசர் பிரிண்டர் ஆபரேட்டராக இருந்தேன். மேஜை மேல் வைக்கிற பிரிண்டர் இல்லை. ஒரு நீளமான அறையின் ஒரு பக்கச் சுவரை முழுக்க அடைத்து நின்ற யந்திரம். ஒரு முனையில் காகிதத்தை ஊட்டும் தட்டுகள், நடுவில் டிரம்மும் டோனரும் சூட்டு உருளைகளும், மறுமுனையில் அடித்த தாள்களை அடுக்கும் ஸ்டாக்கர்கள். பக்கத்தில் ஒரு திரையும் விசைப்பலகையும். எங்கள் வேலையெல்லாம் அந்தத் திரை வழியாகத்தான். அதை ‘கன்சோல்’ என்போம். நிமிடத்துக்கு 135 தாள் அடிக்கும் யந்திரத்தை, ஒரு வரி கட்டளையை டைப் செய்து ஓட்டுவோம், ஒரு வரி கட்டளையால் நிறுத்துவோம்.

இந்த யந்திரங்களின் மூதாதை 1977இல் வந்த ஜெராக்ஸ் 9700. நொடிக்கு 2 பக்கம், அங்குலத்துக்கு 300 புள்ளி. அதற்கு ஓராண்டு முன்பே ஐ.பி.எம். 3800 என்ற லேசர் பிரிண்டர் அமெரிக்காவில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அதற்கு மடிப்பு மடிப்பாகத் தொடர்ந்து வரும் காகிதம் வேண்டும். தனித்தனித் தாளில் இரண்டு பக்கமும் இந்த வேகத்தில் அடித்தது 9700தான். உள்ளே பி.டி.பி.-11 என்ற மினி கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கட்டுப்படுத்தியது. லேசரைக் கொண்டு அச்சடிக்கலாம் என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு போராடியவர் கேரி ஸ்டார்க்வெதர். நியூயார்க் மாநிலத்தில் வெப்ஸ்டர் என்ற ஊரில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் அவருடைய மேலதிகாரிகள் அதை விரும்பவில்லை. 1971இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு மாறிப்போய், பழைய நகல் யந்திரம் ஒன்றை எடுத்து அதற்குள் லேசரையும் சுழலும் பல முகக் கண்ணாடியையும் பொருத்தினார். அந்தக் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் இம்மி பிசகாமல் இருந்தால்தான் வரிகள் நேராக விழும். அவ்வளவு துல்லியமாகக் கண்ணாடி செய்வது கட்டுப்படியாகாத செலவு. உருளை வடிவ லென்ஸ் ஒன்றை இடையில் வைத்து அந்தப் பிசகைச் சரிசெய்தார் ஸ்டார்க்வெதர். அவர் 2019 டிசம்பரில் காலமான செய்தியைப் படித்தபோது, அந்த லென்ஸால் சோறு சாப்பிட்ட குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களிடம் இருந்தது அந்த வம்சத்தில் பிற்பாடு வந்த ஒரு மாடல். யந்திரம் மாறினாலும் கன்சோலின் பேச்சு 9700 காலத்துப் பேச்சுதான். ‘ஸ்டார்ட்’ என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, வேலையின் பெயர், ஒரு காற்புள்ளி, அந்த வேலை எந்த நூலகக் கோப்பில் இருக்கிறதோ அதன் பெயர். என்டர் தட்டினால் ‘ஓ.எஸ்.’ என்று தொடங்கும் எண்ணும், அதோடு ஒரு வரி வாசகமும் திரையில் வரும். யந்திரம் உங்களிடம் பேசுவது அவ்வளவுதான். வேலையைக் கைவிட ‘அபார்ட்’, நின்றதைத் தொடர ‘கன்டினியூ’. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதற்கு ஒரு தடித்த கையேடு இருந்தது. அதன் ஓரங்கள் டோனர் படிந்து கறுத்துப்போயிருக்கும். ஒரு வருஷம் வேலை பார்த்தவனுக்குக் கையேடு தேவைப்படாது.

அச்சடிக்க வரும் தரவில் அலங்காரம் ஒன்றும் இராது. மேக்னடிக் டேப்பில் வரிவரியாக எழுத்துகள். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அச்சாகாது. அது யந்திரத்துக்கு இடப்படும் உத்தரவு. 1 என்றால் புதுப் பக்கம், 0 என்றால் ஒரு வரி இடம் விடு, கூட்டல் குறி என்றால் முந்தைய வரியின் மேலேயே அடி. கட்டம், கோடு, நிறுவனத்தின் முத்திரை, பின்பக்கத்து நிபந்தனைகள் எல்லாம் ‘ஃபார்ம்’ என்ற தனிக் கோப்பில் இருக்கும். எழுத்துருக்கள் வேறு கோப்பு. லோகோ வேறு கோப்பு. எந்த வரியை எந்த எழுத்துருவில் எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்பதை விவரிக்கும் கோப்பு இன்னொன்று. அதை நாமே எழுதித் தொகுத்து வைக்க வேண்டும். இவை எல்லாம் யந்திரத்துக்குள் ஒன்றுசேர்ந்து, தாளில் விழும்போதுதான் அது காசோலை. திரையில் அது எப்படி இருக்கும் என்று பார்க்க வழியே கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்துகளை மட்டுமே காட்டும் கன்சோல் பக்கத்தின் படத்தைக் காட்டாது.

அதனால்தான் ‘சாம்பிள்’ என்று ஒரு கட்டளை இருந்தது. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கொடுத்தால், அந்த நேரத்தில் போகும் பக்கத்தின் பிரதி ஒன்று யந்திரத்தின் மேலிருக்கும் சிறு தட்டில் வந்து விழும். நடக்கிற வேலைக்கு இடைஞ்சல் இல்லை. அடுக்கில் ஒரு தாள் கூடவோ குறையவோ செய்யாது. தாளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர், விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அவரை நாங்கள் எல்லாரும் ‘அண்ணாச்சி’ என்போம். யந்திரத்தை எனக்கு அறிமுகம் செய்த நாளில் அவர் கட்டளைகளின் பட்டியலைக் கொடுக்கவில்லை. ஒரு சாம்பிள் தாளைக் கையில் கொடுத்தார்.

“இது யாருக்குப் போகுது தம்பி?”

நான் பெயரைப் படித்தேன்.

“எந்த ஊரு?”

பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்.

“கவர்ல போட்டா போஸ்ட்மேனுக்கு அந்த ஊரு தெரியுமா? ஜன்னல் இருக்கு பாரு கவர்ல, அது வழியா பின்கோடு தெரியுதா? மடிச்சுப் பாரு.”

மடித்துப் பார்த்தேன். தெரிந்தது. “கீழ இருக்கிற பட்டையில வேற ஏதாவது மை விழுந்திருக்கா?” என்றார். தாளின் அடியில் பதினாறு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். அதில் மைகர் எழுத்துகள் மட்டுமே வரலாம். இரும்பு ஆக்சைடு கலந்த டோனரில், பத்து எண்களும் நான்கு குறிகளும் மட்டுமே கொண்ட தனி எழுத்துருவில் அடிக்கப்படும் அந்த வரியைத்தான் வங்கியின் யந்திரம் காந்தத்தால் படிக்கும். ஒன்பது இலக்க வங்கிக் குறியீட்டில் முதல் மூன்று ஊர், சென்னை என்றால் 600. அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. ஃபார்மில் உள்ள கோடு ஒன்று அரை மில்லிமீட்டர் கீழே இறங்கி அந்தப் பட்டைக்குள் வந்துவிட்டாலும் காசோலை யந்திரத்தில் தள்ளுபடியாகும், ஆள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டிவரும், பணம் தாமதமாகும். “கட்டளை எல்லாம் தானா வந்துடும். பாக்கிறதுதான் வேலை” என்றார் அண்ணாச்சி.

அது வெறும் பேச்சில்லை என்பதை ஒரு வெளியீட்டில் கண்டேன். முகவரிக்கு ஐந்து வரி என்று கணக்கிட்டு நிரல் எழுதியிருந்தார்கள். நகரத்து முகவரிகளுக்கு ஐந்து வரி தாராளம். கிராமத்து முகவரி அப்படியில்லை. தகப்பனார் பெயர், தெருவின் பெயர், ஊரின் பெயர், அஞ்சல், வட்டம், மாவட்டம் என்று ஏழு வரி எழுதியிருப்பார்கள். அப்படி எழுதினால்தான் அவர்களுக்குக் கடிதம் வரும் என்பது அவர்கள் அனுபவம். ஐந்தாவது வரிக்குக் கீழே வந்ததெல்லாம் வெட்டுப்பட்டுப் பின்கோடு காணாமல் போயிருந்தது. கொடுக்கப்பட்ட மாதிரித் தாள்கள் பத்தும் மயிலாப்பூர், அண்ணா நகர், பம்பாய் முகவரிகள். எல்லாம் சரியாக இருந்தன, கையெழுத்தும் ஆகிவிட்டது. வேலையைத் தொடங்கிய பிறகு அண்ணாச்சி தஞ்சாவூர் மாவட்டத்துப் பக்கங்கள் போகும் நேரம் பார்த்து சாம்பிள் எடுத்தார். எடுத்தவர் ‘அபார்ட்’ கொடுத்தார். இரவு ஒரு மணி. நிரலை எழுதியவரை வீட்டிலிருந்து வரவழைத்தார்கள். விவரிப்புக் கோப்பில் முகவரி வரிகளின் இடத்தை மேலே ஏற்றி, எழுத்துருவை ஒரு புள்ளி சிறிதாக்கி, மறுபடி தொகுத்து, மறுபடி சாம்பிள் எடுத்து, மடித்து, கவரில் போட்டு, ஜன்னல் வழியே பின்கோடு தெரிகிறதா என்று பார்த்தபோது விடிந்துவிட்டது. அதுவரை அடித்ததை எல்லாம் மேலாளர் முன்னிலையில் கிழித்தோம். அதற்காக அண்ணாச்சியை யாரும் பாராட்டியதாக நினைவில்லை. தாமதத்துக்குக் காரணம் கேட்டுக் கடிதம்தான் வந்தது.

காகிதம் சிக்குவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. சென்னையின் காற்றில் ஈரம் அதிகம். குளிர்சாதன அறைக்குள் காகிதக் கட்டை முதல் நாளே கொண்டுவந்து, உறை பிரிக்காமல் வைத்திருந்து, அறையின் குளிருக்குப் பழக்க வேண்டும். அவசரம் என்று கிடங்கிலிருந்து நேரே கொண்டுவந்து தட்டில் வைத்தால், ஈரம் ஏறிய தாள் சூட்டு உருளைக்குள் போய் அப்பளம்போல் சுருண்டுவிடும். சுருண்ட தாள் எங்கேயாவது ஒரு திருப்பத்தில் முட்டி நிற்கும். பின்னால் நொடிக்கு இரண்டாக வந்துகொண்டிருப்பவை அதன் மேல் மோதும். ஜாம்.

சாதாரண பில் என்றால் ஜாம் ஒரு தொல்லை, அவ்வளவுதான். காசோலை என்றால் அது பண விவகாரம். ஜாம் ஆகும்போது யந்திரத்தின் வயிற்றுக்குள் பல தாள்கள் இருக்கும். சில முழுதாக அச்சாகியிருக்கும், சில பாதி, சிலவற்றில் டோனர் தூளாகவே நிற்கும், சூடு பட்டிருக்காது. யந்திரம் எத்தனை தாள் அடுக்கில் போய்ச் சேர்ந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டு, உள்ளே சிக்கியவற்றை மறுபடி அடிக்கும். இங்கேதான் ஆபத்து. உள்ளேயிருந்து நாம் உருவி எடுத்த தாள்களில் ஒன்று முழுசாக, நல்லதாக இருக்கும். அதை யாராவது தெரியாமல் அடுக்கின் மேல் வைத்துவிட்டால் ஒரே ஆளுக்கு, ஒரே தொகைக்கு இரண்டு காசோலை. அல்லது கணக்கு ஒன்று தவறி ஒரு தாள் விடுபட்டால் யாரோ ஒருவருக்குக் காசோலையே கிடையாது. அவர் ஆறு மாதம் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்.

அதற்கு எங்கள் அச்சுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு காசோலையிலும் ஓரத்தில் தொடர் எண் அடிப்போம். ஜாம் ஆனதும் உருவிய தாள்களை ஒரு பச்சை டப்பாவில் மட்டுமே போட வேண்டும்; மேஜை மேல் வைக்கக் கூடாது. யந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியதும் இரண்டு பேர் அடுக்கின் அருகே நின்று, நின்ற எண்ணையும் தொடங்கிய எண்ணையும் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் பதிவேட்டில் எழுத வேண்டும். பச்சை டப்பாவில் உள்ள எண்கள் அத்தனையும் அடுக்கிலும் இருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே அவற்றைத் துண்டாக்கும் யந்திரத்தில் போட வேண்டும். இது ஒவ்வொரு ஜாமுக்கும். மழைக்கால இரவில் எத்தனை முறை நடந்தாலும் ஒவ்வொரு முறையும். அலுப்பு தட்டும்போது அண்ணாச்சி சொல்வார்: “நம்ம ஒரு எண்ணு விட்டா, அங்க ஒரு வீட்டுல விசாரணை.”

தமிழ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரீஃபண்ட் ஆர்டரும் அதோடு போகும் கடிதமும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எங்கள் யந்திரத்தில் தமிழ் எழுத்துரு இல்லை. காசோலையை வாங்கிய கிராமத்துக்காரர் பள்ளி ஆசிரியரிடமோ தபால்காரரிடமோ கொண்டுபோய்த்தான் படித்துத் தெரிந்துகொள்வார். கொஞ்ச நாள் கழித்து, வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றின் அனுமதியோடு, ‘இதை இந்தத் தேதிக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் போடவும்’ என்ற ஒரே ஒரு தமிழ் வரியைப் படமாக்கி, லோகோ கோப்பாக யந்திரத்தில் ஏற்றினோம். யந்திரத்தைப் பொறுத்தவரை அது எழுத்தே இல்லை, வெறும் புள்ளிகளின் கூட்டம். சாம்பிள் தட்டில் அந்த வரி விழுந்தபோது அச்சுக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வந்து பார்த்தோம். தேதியை மட்டும் தனியாக அடித்தோம். அந்த வெளியீட்டில் காலாவதியாகித் திரும்பிய காசோலைகள் குறைந்தன என்று தபால் பிரிவில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

தபால் பிரிவு எங்களுக்குப் பக்கத்து அறை. முகவரி தவறி, ஆள் மாறி, வீடு பூட்டியிருந்து திரும்பி வரும் கவர்கள் அங்கே மூட்டை மூட்டையாக இருக்கும். அவற்றைப் பிரித்துப் பதிவு செய்ய ஒரு தனி ஆள். இரவுப் பணியில் வேலை குறைவாக இருக்கும்போது நான் அங்கே போய் உட்காருவேன். கவர்களின் மேல் தபால்காரர்கள் எழுதியிருக்கும் குறிப்புகளைப் படிப்பேன். ‘இறந்துவிட்டார்’, ‘பெங்களூர் போய்விட்டார்’, ‘இந்தப் பெயரில் இரண்டு பேர், யார்?’ என்று இருக்கும். திரும்பி வந்த ஒவ்வொரு கவரும் ஒரு செய்தியைக் கொண்டுவந்தது. பணம் சேரவில்லை என்பது நிறுவனத்துக்குத் தெரிந்தது. இதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

காலம் மாறியதைத் தேதிகளாகச் சொல்லிவிடலாம். 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பங்குகள் மின்னணு வடிவத்துக்கு மாறத் தொடங்கின. பங்குச் சான்றிதழ் அடிக்கும் வேலை மெல்லக் கரைந்தது. 2008இல் பணத்தைக் கணக்கிலேயே முடக்கி வைக்கும் முறையைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கொண்டுவந்து, 2016 ஜனவரி முதல் எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் கட்டாயமாக்கியது. அதோடு பொதுப் பங்கு வெளியீட்டின் ரீஃபண்ட் ஆர்டர் என்ற காகிதம் முடிந்தது. 2011இல் ஆண்டறிக்கைகளை மின்னஞ்சலில் அனுப்ப அனுமதி வந்தது. ஈவுத்தொகை நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கைக் காகிதமாகவே விற்றுக் கைமாற்ற முடியாது. இதில் எதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன். தபாலில் தொலைந்த காசோலைகளையும், கள்ளச் சான்றிதழ்களையும், ஆறு மாதம் கடிதம் எழுதிய மனிதர்களையும் நான் பார்த்தவன். பணம் கணக்கை விட்டே நகராமல் இருப்பது முதலீட்டாளருக்கு நூறு மடங்கு நல்லது.

சில மாதங்களுக்கு முன் நகரின் வெளிப்புறத்தில் ஒரு பெரிய அச்சுக்கூடத்துக்குப் போயிருந்தேன். கிரெடிட் கார்டு கணக்குகள், செக் புத்தகங்கள், வக்கீல் நோட்டீசுகள் அடிக்கிறார்கள். யந்திரங்கள் இன்னும் வேகம், வண்ணத்திலும் அடிக்கின்றன. ஆனால் என் கண் போனது கன்சோலுக்கு. அகலமான தொடுதிரை. வரிசையில் நிற்கும் வேலைகள் ஒவ்வொன்றும் தன் முதல் பக்கத்தின் சிறு படத்தோடு நிற்கின்றன. விரலால் தொட்டு மேலே இழுத்தால் அந்த வேலை முன்னால் வருகிறது. காகிதத் தட்டில் எத்தனை தாள் இருக்கிறது, டோனர் எத்தனை நாளைக்கு வரும், எல்லாம் வண்ணப் பட்டைகளாகத் தெரிகின்றன. ஜாம் ஆனால் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டுகிறது. ஒவ்வொரு தாளிலும் ஒரு சிறு சதுரக் குறியீடு. தாள் வெளியே வரும்போது கேமரா அதைப் படிக்கிறது. கவரில் போகும்போது மறுபடி படிக்கிறது. ஒன்று குறைந்தால் அதை மட்டும் தனியாக மறுபடி அடிக்கச் சொல்கிறது, ஒன்று கூடினால் வரிசையை நிறுத்துகிறது. பச்சை டப்பாவும் பதிவேடும் உரக்கப் படிப்பதும் செய்த வேலையை யந்திரமே, எங்களைவிட நன்றாகச் செய்கிறது. மனசார மகிழ்ந்தேன். அண்ணாச்சி இருந்திருந்தால் அவரும் மகிழ்ந்திருப்பார்.

திரையின் முன் இருந்த பெண் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பார். திறமைசாலி. நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

“சாம்பிள் எடுக்கிறது உண்டாம்மா?”

“ஆப்ஷன் இருக்கு சார். ஆனா தேவைப்படறதில்ல. கிளையன்ட் பி.டி.எஃப்.-லயே அப்ரூவல் குடுத்துடுவாங்க.”

“ஓடறப்ப நடுவுல ஒரு தாளை எடுத்துப் பாக்கமாட்டீங்களா?”

“கேமரா எல்லாத் தாளையும் பாக்குது சார். ஹண்ட்ரட் பர்சென்ட்.”

கேமரா எல்லாத் தாளையும் பார்ப்பது உண்மை. ஆனால் அது படிப்பது அந்தச் சதுரக் குறியீட்டை. எண் வரிசையில் இருக்கிறதா என்பதைத்தான். முகவரியில் பின்கோடு வெட்டுப்பட்டிருக்கிறதா, தமிழ் எழுத்துகள் உடைந்து கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாக விழுந்திருக்கின்றனவா, கடைசித் தேதி போன வருஷத்துத் தேதியாக இருக்கிறதா என்பதை அது பார்ப்பதில்லை. அந்த அச்சுக்கூடத்தில் அன்று ஓடிக்கொண்டிருந்த தமிழ்க் கடிதம் ஒன்றில் ஒற்றெழுத்தின் புள்ளிகள் எல்லாம் அடுத்த எழுத்தின் மேல் போய் உட்கார்ந்திருந்தன. அடுக்கிலிருந்து ஒரு தாளை எடுத்து அந்தப் பெண்ணிடம் காட்டினேன். பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. உடனே வேலையை நிறுத்தி, மேலே தகவல் சொன்னார். அவர் தமிழ் படித்த பெண்தான். படிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இதில்தான் வருத்தம். ஒரு தாளைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை வேலை விவரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கன்சோல் எதையும் காட்டாத காலத்தில் மனிதன் பார்க்கக் கட்டாயப்பட்டான். எல்லாவற்றையும் காட்டுகிற கன்சோல் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. அச்சுக்கூடம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் ஆபரேட்டர்களில் அந்தந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம், ஒவ்வொரு வேலையிலும், தூரத்து ஊர் முகவரி போகும் நேரம் பார்த்து, ஒரு தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை.

அச்சுக்கே வராத பக்கங்கள் பற்றிய கவலை இதைவிடப் பெரிது. எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். கணவர் அரசுப் பணியில் இருந்தவர். சிக்கனமாகச் சேர்த்துச் சில நிறுவனங்களில் பங்கு வாங்கியிருந்தார். முன்பெல்லாம் ஈவுத்தொகைக் காசோலை வீட்டுக்கு வரும். அம்மாதான் கவரைப் பிரிப்பார். எந்த நிறுவனம், எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். பிறகு எல்லாம் மின்னஞ்சலுக்கு மாறியது. கடவுச்சொல் போட்ட கோப்புகள் கணவரின் மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருந்தன. அவர் இறந்து சில ஆண்டுகளாகின்றன. கோப்புகள் இன்னமும் வருகின்றன என்றுதான் நினைக்கிறேன். யாரும் திறப்பதில்லை. வங்கிக் கணக்கு முடங்கியபின் ஈவுத்தொகை எங்கே போயிற்று என்பது அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆள் இறந்துவிட்டார் என்று கவரின் மேல் எழுதித் திருப்பி அனுப்ப ஒரு தபால்காரரும் இல்லை. மின்னஞ்சல் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே கணினி பதிவு செய்கிறது. எங்கள் பக்கத்து அறையில் மூட்டை மூட்டையாகக் கிடந்த கவர்கள் நிறுவனத்துக்குச் சொன்ன சேதியை இப்போது சொல்வார் இல்லை.

ஏழு ஆண்டுகள் கேட்பாரில்லாமல் கிடக்கும் ஈவுத்தொகை, கம்பெனிகள் சட்டப்படி முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடுகிறது. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை கேட்கப்படாத பங்குகளும் அந்த நிதியின் ஆணையத்துக்கே மாற்றப்படுகின்றன. போனது போனதுதான் என்று அஞ்ச வேண்டாம். உரிமையாளரோ வாரிசோ ‘ஐ.இ.பி.எஃப்.-5’ என்ற படிவத்தில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். அந்த அம்மாவுக்காக நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். தொடக்கத்துக்கு எங்களுக்கு உதவியது எது தெரியுமா? அவர் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த பழைய ஈவுத்தொகைக் காசோலைகளின் கிழித்த பாதிகள். நிறுவனத்தின் பெயர், பதிவேட்டு எண், பங்கின் எண்ணிக்கை எல்லாம் டோனர் மங்காமல் அப்படியே இருந்தன.

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் பெயரில் எந்த நிறுவனங்களில் பங்கு, எந்த மியூச்சுவல் ஃபண்ட், எந்த வங்கியில் வைப்பு என்று உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் காகிதத்தில்தான் படிப்பார்கள் என்றால் அச்சிட்ட ஆண்டறிக்கை வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது விதி. மறந்துபோன வங்கி வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய ‘உத்கம்’ இணையதளம் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுக்கு 2025இல் ‘மித்ரா’ வந்திருக்கிறது. பீரோவில் கிடக்கும் பழைய கவர்களைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்துவிடுங்கள்.